மாப்பிள்ளைக்குக் கொடுத்த களாக்காய்

மருதாயி அம்மையிடம் மருத்துவம் கற்க வந்தபோது சிவக்கொழுந்துக்கு வயது நாற்பத்து மூன்று. குருவுக்கோ முப்பத்தைந்துதான். எட்டு வயது இளைய பெண்மணியின் முன் ஒருவர் கைகட்டி நிற்பதைப் பார்த்து மலையடிவாரத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிவக்கொழுந்து அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு முன் இருபது ஆண்டுகள் அவர் ஏடு படியெடுத்துப் பிழைத்தவர். மருத்துவ ஏடுகளை எழுதி எழுதி அவருடைய விரல் காய்த்துப்போயிருந்தது. ஏட்டில் உள்ளதெல்லாம் மனத்தில் ஏறியிருந்தது. எந்தச் செடியின் பெயரைச் சொன்னாலும் வேர் முதல் விதை வரை அதன் குணங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கேட்பவர்கள்தான் நடுவில் மூச்சு வாங்குவார்கள்.

ஒன்பது ஆண்டுகள் ஓடின. சிவக்கொழுந்து வேர் அகழ்ந்தார், இலை உலர்த்தினார், கல்வத்தில் மருந்து அரைத்தார். ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரு சிட்டிகை மருந்தைத் தம் கையால் கொடுக்க அம்மை ஒருநாளும் விட்டதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை அவர் கேட்பார்: "அம்மையே, நான் இன்னும் கற்க வேண்டியது என்ன?"

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்பார் அம்மை.

அந்த ஆண்டு ஆடி பிறந்த மூன்றாம் நாள், அம்மை மலைக்கு அப்பால் வேர் தேடிப் புறப்பட்டார். திரும்ப நான்கு நாள் ஆகும். படலைத் திறந்துகொண்டு போகும்போது, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல், "சிறு நோயோடு வருபவர்களை நீரே பாரும், சிவக்கொழுந்தரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவக்கொழுந்து அன்றே இரண்டு முறை நீராடினார். நெற்றி நிறைய நீறு பூசி, நோயாளிகள் வந்து அமரும் கல்லுக்கு எதிரே மணையைப் போட்டு அமர்ந்தார். யாரும் வரவில்லை. மறுநாள் ஓர் ஆட்டுக்காரன் வந்தான். சிவக்கொழுந்து அவன் நாடியைப் பிடித்தபிறகுதான், அவன் காணாமற்போன ஆட்டைத் தேடி வந்தவன் என்பது தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளையம்மாள் வந்தாள்.

அவள் வேலிமேட்டுக்காரி, கைம்பெண். இரண்டு மகள்கள். மூத்தவள் பூவாயியைத் தை மாதத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து வைக்க வேண்டுமல்லவா? அழைத்திருந்தாள். மாப்பிள்ளை சடையாண்டி ஆடி முதல் நாளே வந்துவிட்டார். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு நாளாக இலையில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார். போட்ட சோறு போட்டபடி இலையோடு அடுக்களைக்குத் திரும்பி வருகிறது. எதிர்வீட்டுக்காரி அதை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படி என்ன சமைத்துப் போட்டாய் என்று கேட்கிறாள். மருந்து வாங்கிக் கொடுக்காவிட்டால் ஊர் ஏசும். அதனால் வந்தேன் என்றாள்.

சிவக்கொழுந்துக்கு உள்ளம் பூரித்தது. ஏட்டில் சொல்லியபடி ஒன்று விடாமல் கேட்டார். நாக்கில் மாவு படிந்திருக்கிறதா, வாய் கசக்கிறதா, உறக்கம் எப்படி, மலம் எப்படி, ஏப்பம் புளிக்கிறதா, தலை சுற்றுகிறதா, பதினொரு கேள்விகள். முதல் மூன்று நாள் மாப்பிள்ளை என்னென்ன உண்டார் என்றும் கேட்டார். அவள் விரல்விட்டுச் சொன்னாள். அதிரசம், உளுந்துவடை, பாயசம், கோழிக்குழம்பு, மறுபடியும் அதிரசம்.

"பித்தம்" என்றார் சிவக்கொழுந்து. "களாக்காய் ஒன்றே போதும். பித்தம் தணியும், குமட்டல் நிற்கும், நாவறட்சி நீங்கும், மந்தம் கலைந்து பசி தீப்போல் எழும்."

தீ என்ற சொல்லைக் கேட்டு வெள்ளையம்மாள் சற்றே பின்வாங்கினாள்.

"கொஞ்சம் லேசான மருந்தாக இருந்தால் போதும், சாமி."

"என்னிடம் லேசான மருந்து கிடையாது, தாயே."

"உடனே கேட்குமா? மெல்ல மெல்லக் கேட்குமா?"

"இன்று மாலை கொடுத்தால் நாளைக் காலை இலையை வழித்து உண்பார்."

அவள் தரையைப் பார்த்தாள். அப்படியானால் இரண்டு மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேனே, அவசரம் ஒன்றுமில்லை என்றாள். சிவக்கொழுந்து திடுக்கிட்டார். நோயை வளரவிடுவது எத்தகைய பிழை என்பதை அவளுக்கு எடுத்துரைத்தார். அது முடியவே சிறிது நேரம் ஆயிற்று. பிறகு களாக்காயையும் இஞ்சியையும் உப்பையும் சேர்த்து அரைத்துப் பத்து நாளைக்குப் போதுமான உருண்டை பிடித்து இலையில் பொதிந்து கொடுத்தார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். போனபிறகு பார்த்தால் பொட்டலம் கல்லின்மேலேயே இருந்தது. சிவக்கொழுந்து அதை எடுத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதிலும் தலைதெறிக்க ஓடி, வழித் திருப்பத்தில் அவளை மடக்கிக் கையில் திணித்தார்.

அம்மை திரும்பியதும் நடந்ததை எல்லாம் சொன்னார். ஓடியதையும் விடவில்லை.

"பத்து நாளைக்கா கொடுத்தீர்?" என்றார் அம்மை. வேறொன்றும் சொல்லாமல் கால் கழுவப் போனார்.

ஆடி பதினொன்றாம் நாள் வெள்ளையம்மாள் மறுபடியும் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"மருந்து கேட்டுவிட்டது, சாமி."

"மகிழ்ச்சி, தாயே."

"அதைத் திருப்பிவிட முடியுமா?"

சிவக்கொழுந்துக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை இலையை வழித்துவிட்டார். நண்பகலில் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அன்று முதல் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் கேட்கிறார். ஊருக்குப் புறப்படும் பேச்சே இல்லை. எப்போது போகிறீர்கள் என்று விருந்துக்கு வந்த மாப்பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் வேலிமேட்டில் எந்த வீட்டிலும் கிடையாது. அவர் இலையில் சோறு தீர்ந்திருக்க விடுவதும் கிடையாது. அவர் உண்டு எழுந்தபிறகுதான் வீட்டுப் பெண்கள் உண்ண வேண்டும். வீட்டில் இருந்த அரிசி இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும். அதன் பிறகு விட்டத்தில் தொங்கும் விதைக்கோட்டையைத்தான் இறக்க வேண்டும்.

விதைக்கோட்டை என்பது விதைநெல்லை வைக்கோற்புரியால் இறுகச் சுற்றி, சாணம் மெழுகிக் கட்டித் தொங்கவிடும் மூட்டை. ஆடிப் பதினெட்டில் விதைக்க அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைக் குத்திச் சமைத்துவிட்டால் தை மாதத்தில் அறுக்க ஒன்றும் இராது.

சிவக்கொழுந்து குருவைத் திரும்பிப் பார்த்தார். அம்மை ஏதோ வேரைச் சீவிக்கொண்டிருந்தார்.

பசியை அடக்கும் சரக்குகளின் பெயர்கள் சிவக்கொழுந்தின் வாயில் வரிசையாக வந்தன. நான்காவது பெயரில் அம்மை நிமிர்ந்தார்.

"நன்றாக இருப்பவரை நோயாளி ஆக்குவதற்கா ஒன்பது ஆண்டு மருந்து அரைத்தீர்?"

"அப்படியானால் நான் என்ன செய்வது, அம்மையே?"

"உம்முடைய நோயாளி. நீரே பாரும்."

வேலிமேட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே சிவக்கொழுந்துக்கு ஒரு வழி புலப்பட்டது. மருந்து என்றால் பத்தியம் உண்டு. பத்தியம் என்றால் வாயைக் கட்ட வேண்டும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று வியந்துகொண்டே போனார்.

முன்கூடத்தில் சடையாண்டி உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி, அகன்ற முகம், அந்த முகத்தில் கள்ளம் என்பதே இல்லை. மருந்து கொடுத்தவர் இவர்தான் என்று தெரிந்ததும் எழுந்து வந்து காலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்ததும் குரலைத் தாழ்த்தி ஓர் இரகசியம் சொன்னார். அவர்கள் ஊரில், கேட்டு வாங்கிச் சாப்பிடாத மாப்பிள்ளையைச் சமையலைப் பழித்தவன் என்று சொல்வார்களாம். இரண்டு நாள் இலையை அப்படியே விட்டு எழுந்தது அவருக்குப் பெருங்குறையாக இருந்ததாம்.

"அத்தை மனம் என்ன பாடுபட்டிருக்கும், சொல்லுங்கள். அதைத்தான் இப்போது ஈடுகட்டிக்கொண்டிருக்கிறேன்."

"ஈடுகட்டியது போதாதா?"

"வயிறு போதும் என்கிறது. மனம் கேட்கவில்லை, ஐயா."

சிவக்கொழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்ற வெள்ளையம்மாளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். இன்று முதல் பத்தியம். பலகாரம் கூடாது, குழம்பு கூடாது, புளியும் மிளகாயும் ஆகா. கதவுக்குப் பின்னாலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. நன்றியால் பேச்சு வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, மலைப்பாதையில் பாட்டு முணுமுணுத்தபடி திரும்பினார்.

பதின்மூன்றாம் நாள் காலை வெள்ளையம்மாள் மூன்றாம் முறையாக வந்தாள். இந்த முறை கல்லில் அமரவில்லை, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

ஊரில் மாப்பிள்ளைக்குப் பத்தியச் சோறு என்றால் என்னவென்று சாமிக்குத் தெரியாதா என்று கேட்டாள். ஓராண்டு பழகிய பழைய அரிசி வேண்டும். பசுநெய் வேண்டும். பாசிப்பருப்பு, முருங்கைப்பிஞ்சு, இரவில் பால் வேண்டும். பழைய அரிசியை ஒரு வீட்டிலும் நெய்யை இன்னொரு வீட்டிலும் இருட்டியபிறகு கைமாற்றாக வாங்கினாள். முருங்கைமரம் மொட்டையாகிவிட்டது.

"குழம்பையாவது தண்ணீர் விட்டு நீட்டலாம், சாமி. நெய்யை எப்படி நீட்டுவது?"

சிவக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்தியச் சோறு நன்றாக இறங்குகிறது என்கிறார்" என்று அவள் சொல்லி முடித்தாள். நாளைக் காலையில் விதைக்கோட்டையை இறக்கப்போவதாகவும் சொன்னாள். அழவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அம்மை சீவிக்கொண்டிருந்த வேரைக் கீழே வைத்தார். "உன் கொல்லை வேலியில் களா இன்னும் காய்க்கிறதா?"

"காய்க்கிறது, அம்மா. அதைத்தான் நாங்கள்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அம்மை அவளிடம் மேலும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மரக்கால் கேழ்வரகு கொடுக்க முன்வந்தார். மாப்பிள்ளை வந்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து தானியம் வந்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்தால் போச்சு என்று அவள் மறுத்துவிட்டாள். அம்மை வற்புறுத்தவில்லை. இன்று ஒருநாள் மட்டும் விதைக்கோட்டையைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார்.

அவள் தலை மறைந்ததும் சிவக்கொழுந்தைக் கூப்பிட்டார்.

"ஊறுகாய்க்குக் களாக்காய் வேண்டும். ஒரு கூடை. மாப்பிள்ளையைப் பறித்துத் தரச் சொல்லும். நண்பகலில் அவர் உண்டு எழுந்ததும் அழைத்துக்கொண்டு போம். வீட்டு வழியாக வேண்டாம். வயல்வரப்போடு சுற்றி, வேலிக்கு வெளிப்பக்கம் போம்."

சிவக்கொழுந்து தயங்கினார். பசியைக் கிளப்பும் காயை, பசி கிளம்பிய ஆளின் கையிலேயே கொடுப்பதா? இது எந்த ஏட்டில் உள்ளது என்று கேட்டார்.

"கூடை அந்த மூலையில் இருக்கிறது" என்றார் அம்மை.

சடையாண்டி மறுக்கவில்லை. மருத்துவச்சி அம்மா தம்மிடம் ஒன்று கேட்டதே பெருமை என்று துள்ளி எழுந்தார். பன்னிரண்டு நாளாகக் கூடத்தைவிட்டு அசையாத உடம்பு. வரப்பில் இருமுறை தடுமாறியது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை நடைவாசலைத் தாண்டி அடுக்களைப் பக்கமோ கொல்லைப் பக்கமோ போகக் கூடாது. ஆகவே பெண் எடுத்த வீட்டின் பின்பக்கத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். பார்த்தது வேலியைத்தான். ஆள் உயரத்துக்குக் களாச்செடிகள் பின்னிப் பிணைந்து நின்றன. வெளிக்கிளைகளில் காய்கள் பிஞ்சாக இருந்தன. நன்றாகச் சிவந்தும் கறுத்தும் இருந்தவை உள்ளே, எட்டாத இடத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"அம்மாவுக்குக் கொடுப்பதைச் சொத்தையாகவா கொடுப்பது?" என்று சொல்லிக்கொண்டே சடையாண்டி உள்ளே நுழைந்தார்.

களாமுள் ஒற்றை முள் அன்று. இரண்டாகக் கவைத்து நிற்கும். ஒன்றிலிருந்து விடுபட்டால் மற்றொன்று பிடிக்கும். மாப்பிள்ளையின் விருந்துவேட்டியை முன்புறம் ஒரு கிளை பற்றியது; மேல்துண்டைப் பின்புறம் ஒரு கிளை பற்றியது. ஆள் நடுவில் நின்றார். விடுவிக்கச் சென்ற சிவக்கொழுந்தின் குடுமியை மூன்றாவது கிளை பற்றியது. பறித்த காம்புகளிலிருந்து வடிந்த பால் இருவர் கையிலும் பசையாக ஒட்டியிருந்ததால், முள்ளை விலக்கப் போன விரல் இலையோடு ஒட்டியது. இலையை விலக்கப் போன விரல் துணியோடு ஒட்டியது. சற்று நேரத்தில் இருவரும் அசைவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது.

வெள்ளையம்மாள் ஒரு பானையோடு கொல்லைக்கு வந்தாள். பின்னால் பூவாயி. அவளுக்குப் பின்னால் இளையவள் சிட்டு, ஆறு வயது. மூவரும் மொட்டை முருங்கைமரத்தின் அடியில், வேலிக்கு நான்கு முழத் தூரத்தில் உட்கார்ந்தார்கள்.

கூப்பிடலாம் என்று சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். கூடத்தில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை கொல்லை வேலியில் மாட்டிக்கொண்டு நிற்பதை மாமியார் காண்பதா? சடையாண்டி பதறி அவர் வாயைப் பொத்தினார். கையை எடுத்தபோது சிவக்கொழுந்தின் மீசையிலிருந்து நாலைந்து மயிர்கள் கூடவே வந்தன. கண்ணில் நீர் முட்ட, அவர் வாய் திறவாமல் நின்றார்.

வெள்ளையம்மாள் பானையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். கலக்கினாள். இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள். மூன்று சட்டிகளில் முகந்து வைத்தாள். வெள்ளைத் தண்ணீரில் சோறு இருந்த இடம் தெரியவில்லை. உப்பில் ஊறிய களாக்காயை ஆளுக்கு ஒன்று வைத்தாள். சிட்டுக்கு மட்டும் இரண்டு.

சிட்டு சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "அம்மா, மச்சான் இன்றைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையா?"

"உரக்கப் பேசாதே."

"நாளைக்கும் தண்ணீர்தானா?"

"நாளைக்குச் சோறு. கோட்டையைப் பிரிக்கப் போகிறேன்."

பூவாயி தன் சட்டியைக் கீழே வைத்தாள். "பிறகு எதை விதைப்பாய் அம்மா? நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேனே."

"சொன்னால் நீ எனக்கு மகளே இல்லை. என் பானை காலி என்று நாளைக்கு உன் மாமியார் வீட்டில் பேச்சு வர வேண்டுமா?" வெள்ளையம்மாள் தன் களாக்காயை ஒரு கடி கடித்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "அவரை ஒன்றும் சொல்லாதே. தங்கமான மனிதர். சில மாப்பிள்ளைகள் எதைப் போட்டாலும் முகத்தைச் சுளிப்பார்கள். இவர் வாய் நிறையக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?"

சடையாண்டியின் வாயில் ஒரு களாக்காய் இருந்தது. பறிக்கும்போது சுவை பார்க்கப் போட்டுக்கொண்டது. அதை அவர் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கழுத்தில் ஓர் எறும்பு ஏறிக் காதுவரை போய்த் திரும்பி வந்தது. அதையும் அவர் தட்டிவிடவில்லை. பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்க்கச் சிவக்கொழுந்துக்குத் துணிவு வரவில்லை. சட்டிகளைப் பார்த்தார். அதற்கும் துணிவு வராமல் கண்ணை மூடிக்கொண்டார்.

மூவரும் எழுந்து சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்கள். கதவு சாத்தியதும் சடையாண்டி முள்ளைப் பாராமல் ஒரே எட்டில் வெளியே வந்தார். வேட்டியில் ஒரு முழம் வேலியிலேயே தங்கிவிட்டது.

இருவரும் வரப்போடு திரும்பி முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கிழிந்த வேட்டியைப் பார்த்துப் பூவாயி பதறினாள். வரப்பில் வழுக்கிவிட்டேன் என்றார் சடையாண்டி. ஆமாம், வழுக்கல்தான், நான் பார்த்தேன் என்றார் சிவக்கொழுந்து. அவரது கன்னத்தில் குருதிக்கோடுகள் இருந்தன. இருவரும் ஒரே இடத்தில் எப்படி வழுக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"அத்தை, நான் இப்போதே ஊருக்குப் புறப்படுகிறேன்" என்றார் சடையாண்டி, கதவை நோக்கி.

கதவுக்குப் பின்னாலிருந்து வெள்ளையம்மாளின் குரல், வழக்கம் வேண்டுகிறபடி, மனம் குளிர வந்தது. "அதற்குள் என்ன அவசரம்? நேற்று வந்ததுபோல் இருக்கிறது."

விருந்தாளியை மூன்று முறை தடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் போகச் சொன்னதாக ஆகும். சடையாண்டி இரண்டாம் முறையிலேயே இணங்கிவிடும் குணமுடையவர் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சிவக்கொழுந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை அத்தை, போக வேண்டும்."

"நாளைக்கு உங்களுக்குப் பிடித்த அதிரசம் சுடலாம் என்றிருந்தேன்."

அதிரசம் என்ற சொல் கூடத்தில் சற்று நேரம் நின்றது. சடையாண்டி எச்சிலை விழுங்கினார். அத்தோடு வாயில் இருந்த களாக்காயையும் விழுங்கிவிட்டார்.

"போக வேண்டும், அத்தை. எங்கள் வயலில் உழவு நிற்கிறது."

மூன்றாம் முறை குரல் வரச் சிறிது நேரமாயிற்று. வந்தபோது அதில் வலுவில்லை. "பதினெட்டாம் பெருக்கு முடித்துவிட்டுப் போகலாமே."

"பெருக்கன்று வருகிறேன்" என்றார் சடையாண்டி. கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "ஆனால் வீட்டுக்கு இல்லை, அத்தை. நேரே வயலுக்கு."

ஆடிப் பதினெட்டன்று விடியலில் அவர் இரண்டு மாடுகளும் ஏருமாக வேலிமேட்டுக்கு வந்தார். மாட்டின் கழுத்தில் மணி. தோளில் பெரிய கட்டுச்சோற்று மூட்டை. மாமியாரின் வயலை நண்பகலுக்குள் உழுது முடித்தார். வெள்ளையம்மாள் விதைக்கோட்டையைப் பிரித்து விதைத்தாள். உண்ண வாருங்கள் என்று பூவாயியை விட்டு அழைத்தபோது, களா மருந்து உண்டவர் ஓராண்டுக்கு மாமியார் வீட்டில் இலை போட்டு உட்காரக் கூடாது என்று சொல்லி, வரப்பிலேயே அமர்ந்து மூட்டையை அவிழ்த்தார். நான்கு பேருக்குக் காணும் சோறு அதில் இருந்தது. தனியாக உண்ணவும் கூடாதாம். சிட்டு முதலில் வந்து உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுக்காரி இதை நம்பவில்லை. அப்படியும் ஒரு பத்தியம் உண்டா என்று அறிய, மறுநாள் மலையேறி வந்து சிவக்கொழுந்தையே நேரில் கேட்டாள்.

வாழ்நாளில் ஏட்டில் இல்லாத ஓர் எழுத்தையும் சொல்லாதவர் சிவக்கொழுந்து. குடுமியைத் தடவிக்கொண்டார்.

"உண்டு, தாயே" என்றார். "பழைய ஏடு. எல்லாரிடமும் இராது."

அவள் போனதும் அவர் உள்ளே வந்தார். அம்மை கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கூடையிலிருந்த களாக்காய்களை ஒவ்வொன்றாகக் கீறி விதையை எடுத்துக்கொண்டிருந்தார். சடையாண்டி பெருக்கன்று மறவாமல் பறித்துக் கொடுத்துவிட்டுப் போன காய்கள். சிவக்கொழுந்தும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எதிரே அமர்ந்தார். ஒரு சாடி நிறைந்தது.

"அம்மையே."

"சொல்லும்."

"அன்று அவளிடம் பதினொரு கேள்விகள் கேட்டேன். நாக்கைக் கேட்டேன், உறக்கத்தைக் கேட்டேன், மலத்தைக்கூட விடவில்லை. ஏட்டில் உள்ள ஒன்றையும் விடவில்லை. அன்று என் இடத்தில் நீங்கள் அமர்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?"

அம்மை சாடியின் வாயில் ஒரு பிடி உப்பைத் தூவினார். வெள்ளைத் துணியை மூடி, கயிற்றால் இறுகக் கட்டினார்.

"'சாப்பிட்டாயா, வெள்ளையம்மா?' என்று கேட்டிருப்பேன்."